சொந்த வழங்கியில் வேர்ட்பிரஸ்: 312 தமிழ்ப் பதிவுகளை இடமாற்றியபின் ஒரு மதிப்பீடு

2008ஆம் ஆண்டு முதல் கூகுளின் இலவசச் சேவையான புளொக்கரில் எழுதிவந்த என் வலைப்பதிவை, அதிலிருந்த 312 பதிவுகள், அவற்றின் கீழிருந்த பின்னூட்டங்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் ஆகியவற்றோடு, நானே வாடகைக்கு எடுத்த வழங்கியொன்றில் (சேர்வர்) நிறுவிய வேர்ட்பிரசுக்கு மாற்றி எட்டு மாதங்களாகின்றன. யாழ்ப்பாணத்து ஊர்களில் எஞ்சியிருந்த சங்கடப்படலைகள் (கூரையிட்ட வாயிற்படலைகள்), சுமைதாங்கிகள், ஆவுரஞ்சிக்கற்கள் (மாடுகள் உடலை உரசிக்கொள்ள நட்ட கற்கள்), துலாக் கிணறுகள், நாற்சார் வீடுகள், வழிப்போக்கர் மடங்கள் ஆகியவற்றைச் சைக்கிளில் போய்ப் படமெடுத்து, வீட்டாரிடம் கேட்டறிந்ததை எழுதிவைத்த பதிவுகள் அவை. படமெடுத்தவற்றுள் பல இன்று நிலத்தில் இல்லை. ஆகவே புதிய மென்பொருளை மதிப்பிடுவதற்கு எனக்கு இருந்த அளவுகோல் ஒன்றுதான்: பழைய முகவரியைத் தட்டுகின்றவருக்குப் பதிவு திறக்க வேண்டும், படமும் பின்னூட்டமும் குறைவின்றி வந்து சேர்ந்திருக்க வேண்டும். அழகும் வேகமும் அதற்குப் பிந்தியவை.

வேர்ட்பிரஸ் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த, வலைப்பதிவுகளையும் வலைத்தளங்களையும் நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள். பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. பதிவுகளை மைசீக்குவல் அல்லது மரியாடிபி தரவுத்தளத்தில் வைக்கிறது. அதே பெயரில் இயங்கும் வணிகச் சேவையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது; நான் பேசுவது நாமே இறக்கி நிறுவிக்கொள்ளும் மென்பொருளைப் பற்றி. இதே வேலைக்கான வேறு மென்பொருள்களான ஹியூகோவையும் கோஸ்டையும் முதலில் பரிசீலித்தேன். ஹியூகோ உருவாக்கித் தரும் பக்கங்கள் மிக இலேசானவை, ஊடுருவிகள் தாக்குவதற்கு அங்கே அதிகம் இல்லை. ஆனால் பின்னூட்டங்களுக்கு வேறொரு சேவையை நாட வேண்டும். கோஸ்டில் எழுதுவது இனிமையானது. ஆயினும் அதன் சொந்தப் பின்னூட்டப் பகுதியில் எழுத வாசகர் முதலில் உறுப்பினராகப் பதிந்துகொள்ள வேண்டும். என் வாசகருள் பெரும்பாலானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்து ஊர்ப்பெயரைத் தேடி வருகின்றவர்கள். அவர்களைப் பதிவுப் படிவத்தின் முன் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இடமாற்றத்தில் கடினமானது முகவரிகளைக் காப்பதுதான். புளொக்கர், பதிவின் தலைப்பிலுள்ள இலத்தீன் எழுத்துகளைக் கொண்டே முகவரியை ஆக்குகிறது. முழுத் தமிழ்த் தலைப்பென்றால் எழுத்தெல்லாம் உதிர்ந்து, ஆண்டும் மாதமும் போக, ‘புளொக்-போஸ்ட்’ என்னும் பொதுப்பெயரே மிஞ்சும். அதே மாதத்தில் எழுதும் அடுத்த பதிவுகளுக்கு அதனோடு ஓர் இலக்கம் சேரும். வேர்ட்பிரசில் முகவரியின் அமைப்பை நாமே வகுக்கலாம் என்பதால், ஆண்டு, மாதம், பெயர் என்ற அதே ஒழுங்கை வைத்துக்கொண்டால் பழைய முகவரிகள் அப்படியே இயங்கும் என்று பல வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆங்கிலத் தலைப்பிட்டவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். தமிழ்ப் பதிவருக்குப் பொருந்தாது; ஏனெனில் புளொக்கரில் மாதந்தோறும் ஒரு ‘புளொக்-போஸ்ட்’ இருக்கும், வேர்ட்பிரசோ ஒரு பெயரை முழுத் தளத்திலும் ஒரே ஒரு பதிவுக்குத்தான் கொடுக்கும். இரண்டாவது மாதத்திலிருந்தே பெயர்கள் தாமாகத் திரிந்துவிடும்.

இதற்கு வழி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். புளொக்கர் பதிவுகளை உள்வாங்கும் செருகுநிரல் (பிளகின்), ஒவ்வொரு பதிவோடும் அதன் பழைய முகவரியைத் தனிப் புலமொன்றில் சேமித்துவைக்கிறது. அந்தப் புலத்தைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, பழையது இது, புதியது இது என்று 312 வரிகள் கொண்ட அட்டவணை ஒன்றை ஆக்கி, வழங்கியின் அமைப்புக் கோப்பில் சேர்த்தேன். புளொக்கரின் இலவச முகவரியிலிருந்து வெளித்தளமொன்றுக்கு நிரந்தர வழிமாற்றை முறைப்படி அமைக்க இயலாது. தளத்தின் தோற்றத்தை வகுக்கும் வார்ப்புருவில் சிறிய நிரலொன்றை எழுதி, வருகின்றவரைப் புதிய தளத்தின் அதே பாதைக்கு அனுப்பலாம். அங்கிருந்து அட்டவணை அவரை உரிய பதிவுக்குக் கொண்டுபோகும். தொடக்கத்திலேயே சொந்த ஆள்களப் பெயர் (டொமைன்) வாங்கியிருந்தால் இந்த முதற்படியே தேவைப்பட்டிராது. புதிதாக எழுதத் தொடங்குகின்றவர் எந்த இலவசச் சேவையில் எழுதினாலும் பெயரை மட்டுமாவது காசு கொடுத்துத் தமதாக்கிக்கொள்ளட்டும்.

புதிய முகவரிகளிலும் ஒரு முள் உண்டு. வேர்ட்பிரஸ் தமிழ் எழுத்தைத் தள்ளிவிடுவதில்லை. தலைப்பை அப்படியே முகவரியாக்குகிறது. ஆனால் முகவரிப் பெயருக்கு 200 எழுத்திடங்களே உண்டு. ஒருங்குறியில் (யுனிகோட்) தமிழ்க் குறியொன்று மூன்று பைட்டுகள் கொண்டது. முகவரியில் அது ஒன்பது எழுத்திடங்களாக விரியும். அதாவது ஏறத்தாழ 22 குறிகளோடு இடம் முடிந்துவிடும். மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ‘யாழ்ப்பாணத்துச் சங்கடப்படலை’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘யாழ்ப்பாணத்துச்-சங்கடப்’ என்பதோடு நின்றுவிடும். படலை என்ற சொல்லே விழுந்துவிடும். ஆங்கிலத் தலைப்பு 200 எழுத்துவரை போகலாம், தமிழுக்கு அதில் ஒன்பதிலொரு பங்குதான் என்ற நிலை இத்தனை ஆண்டுகளின் பின்னும் தொடர்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் முகவரிப் பெயரை நானே ‘சங்கடப்படலை’, ‘தெருமூடிமடம்’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதிவிடுகிறேன். பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைத் தேடுகின்றவர் அந்த ஒரு சொல்லைத்தான் தேடுவார்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். புளொக்கர் தரும் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து மட்டுமே உண்டு. படத்தின் முகவரி இருக்கும், படம் இருக்காது. கோப்பை உள்வாங்கியதும் படங்கள் தெரிவதைக் கண்டு வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அவை பழைய இடத்திலிருந்தே வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் இறக்கி நம் வழங்கியில் வைத்து, பதிவிலுள்ள முகவரியையும் மாற்ற வேண்டும். இறக்கும்போது படத்தின் முகவரியில் ‘எஸ்’ என்ற எழுத்தை அடுத்து வரும் 320 போன்ற எண்ணைப் பூச்சியமாக மாற்றினால், அங்கே சேமிக்கப்பட்டுள்ள முழு அளவுப் படம் கிடைக்கும். இதை அறியாது முதல் நாளில் அறுபது படங்களைச் சிறிய அளவிலேயே இறக்கிவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் திரும்ப இறக்கினேன்.

எழுத்துகளைச் செம்மை செய்யும் வேலைதான் என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்தது. பழைய பதிவுகளில் சில, ஒருங்குறி முறையில் அமையாத பாமினி எழுத்துருவில் தட்டி, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டவை. பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் அமைகின்றன: ‘கொ’ என்பதற்கு முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். சரியாக மாற்றப்படாத இடங்களில் ஒகர உயிர்மெய்கள், ஒரே குறியாக இல்லாமல் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகத் தங்கிவிட்டன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடல் பெட்டிக்கு அவை வேறு வேறு சொற்கள். ‘கொக்குவில்’ என்று தேடினால் பாதிப் பதிவுகள்தான் வரும். ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் ஒருங்குறியின் இயல்பாக்க விதிகள் இதைச் சீர்செய்கின்றன. தரவுத்தளம் முழுவதையும் சிறிய நிரலொன்றால் அவ்வாறு இயல்பாக்கினேன். ஆனால் ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தாலும், ‘பௌர்ணமி’ என்பதைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருந்தாலும் எந்த இயல்பாக்கமும் உதவாது. கணினிக்கு அது பிழையாகத் தெரியாது. அது உண்மையான ளகரம். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

தேடலைப் பற்றி இன்னொன்று. வேர்ட்பிரசின் தேடல், கொடுத்த எழுத்துத் தொடர் பதிவில் எங்கேனும் அப்படியே இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறுவது அதற்குத் தெரியாது. ‘கிணறு’ என்று தேடுகின்றவருக்குக் ‘கிணற்றடி’யும் ‘கிணற்றுக்கட்டு’ம் கிடைக்கமாட்டா. அதனால் தேடல் பெட்டியின் அருகே, ‘கிண’ என்பதுபோலச் சொல்லின் மாறாத பகுதியைத் தட்டும்படி ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறேன். வாசகர் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் தெரிவுசெய்த வழங்கி நிறுவனத்தால் ஏற்பட்ட இழப்பையும் பதிய வேண்டும். அந்நிறுவனத்தார் என் தளத்தைத் தம்முடைய ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தியபோது, தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கத்தைக் கவனிக்காததால் பதிவுகளெல்லாம் கேள்விக்குறிகளாக மாறின. இவ்வாறு நேரும்போது முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ் இருந்த இடத்தில் ஐரோப்பிய எழுத்துக் குவியல் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை; பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, தவறாக வாசிக்கப்படுகின்றன, மீட்கலாம். வெறும் கேள்விக்குறிகள் தெரிந்தால் மூல எழுத்து அழிந்துவிட்டது. காப்புப்படி ஒன்றே கதி. என்னிடம் நான்கு நாள் பழைய காப்புப்படி இருந்தது. அந்த நான்கு நாளில் வந்த இரண்டு பின்னூட்டங்கள் போய்விட்டன. ஒன்றை எழுதியவரைத் தேடிப் பிடித்து மீண்டும் எழுதி வாங்கினேன்; மற்றவர் பெயர் குறிப்பிடவில்லை. அதன்பின்னரே ஒரு கிகாபைட் நினைவகமுள்ள மெய்நிகர் வழங்கியை எடுத்து, உபுண்டு இயங்குதளம், என்ஜின்எக்ஸ் வலைவழங்கி மென்பொருள், மரியாடிபி தரவுத்தளம் என்று எல்லாவற்றையும் நானே நிறுவிக்கொண்டேன்.

இதற்கு மாதம் ஆறு டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. ஆறு டொலர் என்ற அதே கட்டணம் அந்த இரண்டு மாதங்களில் 1,200 ரூபாவிலிருந்து 2,160 ரூபாவுக்குப் போயிருக்கும். ஆகவே ஓராண்டுக் கட்டணத்தைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு இறங்குவதே புத்தி. வீட்டிலேயே சிறு கணினியொன்றை வைத்து நடத்தலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தைக் கண்டபின், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாதுகாப்புச் சான்றிதழை லெற்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிட்டால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

தோற்றத்தைப் பொறுத்தவரை, வார்ப்புருக்கள் இலத்தீன் எழுத்துக்காக அளவெடுக்கப்பட்டவை. தலைப்புகளில் வரிக்கு வரி இடைவெளி குறைவாக இருப்பதால் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’யோடு மோதும். மேற்கோள்களைச் சாய்வெழுத்தாக்கும் வழக்கமும் தமிழுக்கு ஒவ்வாதது. நம் எழுத்துக்கு அப்படியொரு மரபில்லை, எழுத்துரு செயற்கையாக வளைக்கப்பட்டு முறிந்ததுபோல் தெரிகிறது. வரி இடைவெளியை 1.7 ஆக உயர்த்தி, சாய்வை நீக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை என் வழங்கியிலேயே வைத்தேன். இலங்கைத் தமிழுக்கென்று வேர்ட்பிரசில் தனி மொழித் தெரிவு இருப்பது மகிழ்ச்சி தருகிறது.

பராமரிப்பு ஓயாத வேலை. உள்நுழையும் பக்கத்தைத் திறக்க முயலும் தானியங்கிகள் இரவு பகலாக வருகின்றன. முயற்சிகளைக் கட்டுப்படுத்தாமல் ஒரு நாளும் விடக்கூடாது. இற்றைப்படுத்தல்கள் வந்த வாரத்திலேயே செய்யப்பட வேண்டும். அவ்விற்றைகள் வரும் மைய வழங்கியும் ஒருவர் கையில்தான் இருக்கிறது: 2024 செப்ரெம்பரில் ஒரு வணிகப் பிணக்கின்போது, வழங்கி நிறுவனமொன்றின் வாடிக்கையாளருக்கு அந்த மையத்தின் வாயில் அடைக்கப்பட்டது. சொந்த வழங்கி என்பதால் எவர் தயவும் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் என் தரவுத்தளமும் படக் கோப்புறையும் என்னிடம் முழுமையாக இருக்கின்றன. வேர்ட்பிரசே இல்லாமற்போனாலும் அவற்றை வேறெங்கும் கொண்டுபோகலாம். நாள்தோறும் நள்ளிரவில் எடுக்கப்படும் காப்புப்படி ஒன்று கொக்குவிலில் என் மேசையிலுள்ள வன்தட்டுக்கும், மற்றொன்று ரொறன்ரோவில் மச்சான் வீட்டுக் கணினிக்கும் போகிறது.

கட்டளை வரியைத் தட்டப் பழகாதவருக்கும், வாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்க முடியாதவருக்கும் இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்கள் இருக்கும் இடத்திலேயே இருந்து, மாதமொருமுறை ஏற்றுமதிக் கோப்பையும் படங்களையும் இறக்கிவைத்தால் போதும். ஒதுக்க முடிந்தவருக்கு, அதிலும் பழைய பதிவும் பின்னூட்டமும் நிறைய உள்ளவருக்கு, இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. 2009இல் எழுதிய சங்கடப்படலைப் பதிவின் கீழ், அந்த வீட்டில் பிறந்த ஒருவர் படலைக்குக் கூரை வேய்ந்த தச்சரின் பெயரையும், மழைக்கு ஒதுங்கியவர்களுக்காகத் திண்ணையில் தண்ணீர்ச் செம்பு வைத்திருந்ததையும் எழுதியிருந்தார். படலை பின்னர் இடிக்கப்பட்டு, இரும்புக் கதவு வந்துவிட்டது. சென்ற மாதம் அவருடைய மகள் பழைய புளொக்கர் முகவரி வழியாக வந்து, தந்தையின் எழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதிப் போயிருக்கிறார்.