ஸ்டிக்கர் ஒட்டி முடித்த பிறகு செத்துப்போன க்யூஆர்: அச்சடிக்கும் முன் பாருங்கள்

கையேட்டையோ விலைப்பட்டியலையோ க்யூஆர் கோடு மூலம் மொபைலில் கொடுக்க நினைக்கிறவர்கள், அச்சுக்கு அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் வாட்டர் ஃபில்டர் தயாரிக்கிறோம். பொருத்தும் முறை, ஃபில்டர் மாற்றும் முறை எல்லாம் படங்களோடு ஒரே பிடிஎஃபில் இருந்தது. அச்சுக்காகச் செய்தது என்பதால் 40 எம்பி. நொடிக்கு 5 மெகாபிட் வேகம் கிடைத்தால்கூட அது இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும்போது யார் அவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? அதனால், கோப்பின் அளவைக் குறைத்து க்யூஆரும் செய்து தருவதாக விளம்பரம் செய்த ஒரு இணையச் சேவைக்குப் பணம் கட்டினோம். "கோப்பைச் சுருக்கி க்யூஆருக்குள்ளேயே வைத்துவிடுவோம், ஆயுளுக்கும் வேலை செய்யும்" என்று மின்னஞ்சலிலேயே எழுதித் தந்தார்கள்.

ஸ்டிக்கர் அச்சாகி, பெட்டிகளில் ஒட்டி, சரக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் புகார்கள் வரத் தொடங்கின. ஸ்கேன் செய்தால் கையேடு திறக்கவில்லை. "இந்த க்யூஆரின் உரிமம் முடிந்தது, புதுப்பிக்கவும்" என்று ஒரு பக்கம் வருகிறது. கேட்டால், மாதச் சந்தா கட்டினால் உடனே சரியாகிவிடும் என்கிறார்கள். ஒட்டிய ஸ்டிக்கரைத் திரும்பப் பிடுங்க முடியாது என்று தெரிந்தே கேட்கும் பணம் இது.

அவர்கள் சொன்னது எதுவுமே உண்மையில்லை. ஒரு க்யூஆருக்குள் அதிகபட்சமாக 2,953 பைட்தான் அடங்கும். அதாவது 3 கேபிகூட இல்லை. எந்தக் கொம்பனாலும் படங்களோடு இருக்கும் கையேட்டை அதற்குள் அடைக்க முடியாது. உள்ளே இருப்பது வெறும் இணைய முகவரி. எங்கள் ஸ்டிக்கரில் இருந்ததோ அவர்களுடைய சர்வரின் சுருக்க முகவரி. ஸ்கேன் செய்கிற ஒவ்வொருவரும் முதலில் அவர்கள் வாசலுக்குப் போய், அங்கிருந்துதான் கையேட்டுக்கு வர வேண்டும். அந்த வாசலை மூடிவிட்டார்கள், அவ்வளவுதான். உரிமம் என்ற பேச்சும் பொய். 1994-இல் க்யூஆரை உருவாக்கிய ஜப்பானின் டென்ஸோ வேவ் நிறுவனம், தர விதிப்படி பயன்படுத்துகிறவர்களிடம் காப்புரிமையைக் காட்டிப் பணம் கேட்பதில்லை. முகவரி நேரடியாகப் பதிந்த க்யூஆருக்குக் காலாவதி என்பதே கிடையாது.

கோப்பைச் சுருக்கிய லட்சணத்தைப் பார்த்தபோது இன்னும் கோபம் வந்தது. அளவு 3 எம்பிக்கு வந்திருந்தது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே ஒரு படமாக மாற்றியிருந்தார்கள். பெரிதாக்கினால் எழுத்து மங்குகிறது. சொல்லைத் தேட முடியவில்லை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படிக்க அதில் எழுத்தே இல்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் கொடுத்தது வெற்றுத்தாள். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒழுங்காகச் செய்ய வேண்டியது, எழுத்தை எழுத்தாகவே விட்டுவிட்டு உள்ளே இருக்கும் படங்களை மட்டும் குறைப்பது. அச்சுக்கு வழக்கமான 300 டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) 150 ஆக்கினால் படத்தின் பிக்சல்கள் நான்கில் ஒரு பங்காகிவிடும். மொபைல் திரைக்கு அது தாராளம். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் 'ஈபுக்' என்ற அமைப்பு இதைத்தான் செய்கிறது. அதில் போட்டே கையேட்டைச் சுருக்கி, எங்கள் சொந்த டொமைனில், அதாவது எங்கள் பெயரில் உள்ள இணையதள முகவரியில் ஏற்றி, புது ஸ்டிக்கர் அடித்துவிட்டோம். முகவரியையும் சின்னதாக வைத்தோம். முகவரி நீண்டால் க்யூஆரில் உள்ள கட்டங்கள் நெருக்கமாகி, சிறிய ஸ்டிக்கரில் கேமரா தடுமாறும்.

யாராவது உங்களுக்கு க்யூஆர் செய்து கொடுத்தால், பணம் தரும் முன் மொபைல் கேமராவில் காட்டுங்கள். திறப்பதற்கு முன்பே திரையில் முகவரி தெரியும். அதில் உங்கள் டொமைன் இல்லாமல் வேறு பெயர் இருந்தால் அச்சுக்குப் போகாதீர்கள். பின்னால் கோப்பை மாற்ற வசதி என்பார்கள். அதே முகவரியில் புதுக் கோப்பை ஏற்றினால் அந்த வசதி உங்களுக்கே கிடைக்கும். அப்புறம், பிடிஎஃபைத் திறந்து ஒரு சொல்லை அழுத்திப் பிடியுங்கள். சொல் தேர்வாகவில்லை என்றால் அது எழுத்தல்ல, படம். வைஃபையை அணைத்துவிட்டு, சிக்னல் குறைந்த இடத்தில் நின்றும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

சந்தா நாங்கள் கட்டவில்லை. பழைய ஸ்டிக்கர் உள்ளவர்கள் பெட்டியில் இருக்கும் எண்ணுக்கு அழைத்தால் புது லிங்க்கை அனுப்புகிறோம்.