கோட்டை மேரியா, கதீட்ரல் ஜார்ஜா?

ஒரே காலை நேரம்தான் கையில் இருக்கிறது, சென்னையில் பழைய ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) தேவாலயம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்காக இது.

வயது: புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி 1680. கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் 1815.

கட்டுமானம்: மேரி, பீரங்கிக் குண்டுக்குப் பயந்து கட்டியது. சுவர் சுமார் நாலடி கனம்; கூரையோ உத்தரமே இல்லாத செங்கல் வளைவு. உள்ளே போனால் கோயிலா, ஆயுதக் கிடங்கா என்று தோன்றும். ஜார்ஜ் நேர் எதிர்: அயோனியத் தூண்கள் (தலைப்பில் சுருள் வேலைப்பாடுள்ள கிரேக்க பாணி), உயர்ந்த ஊசிக்கோபுரம், சுண்ணாம்புப் பூச்சில் வழவழப்பு.

வரலாறு: இங்கே மேரிக்குத்தான் என் ஓட்டு. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த மதராஸ் ஆளுநர் எலிஹு யேல், கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி ராபர்ட் கிளைவ் இருவருக்கும் திருமணம் நடந்தது இங்கேதான். மதராஸ் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் கல்லறையும் உள்ளேயே. வெளியே முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்களைத் தளம் போலப் பதித்திருக்கிறார்கள். பழைய இடுகாட்டின் கல்லறைகள் 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படைக்கு மறைவிடமாக உதவியதால் பெயர்த்து வந்தவை. லத்தீன், போர்ச்சுகீஸ் எழுத்துகளைக் குனிந்து படிக்கலாம். ஜார்ஜுக்கும் பெருமை உண்டு: 1947 செப்டம்பர் 27 அன்று பல புராட்டஸ்டண்ட் சபைகள் இணைந்த தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது அங்கேதான்.

போய்வர: கோட்டையில் பாதுகாப்புச் சோதனை உண்டு, அடையாள அட்டை அவசியம். ஜார்ஜில் அந்தத் தொல்லை குறைவு, மர நிழலும் உண்டு.

வரலாற்றுப் பித்தர்களுக்கு மேரி. கட்டட அழகை ரசிக்க, வயதான அம்மா அப்பாவோடு நிதானமாக உட்கார, ஜார்ஜ்.