சவுத்எண்டில் குழந்தைகளோடு: பியரா, அட்வெஞ்சர் ஐலண்டா?

லண்டனிலிருந்து ஒரு மணி நேர ரயிலில் சவுத்எண்ட். 2022இல் மாநகர அந்தஸ்து கிடைத்தும் கடற்கரை ஊர்க் குணம் மாறவில்லை. கடலுக்குள் நீளும் நடைபாலமான பியரும், அட்வெஞ்சர் ஐலண்ட் என்ற ராட்டினப் பூங்காவும் அடுத்தடுத்தே இருப்பதால், ஒரே நாளில் எதற்கு நேரம் ஒதுக்குவது என்று பலர் குழம்புகிறார்கள்.

செலவு
பியர்: உள்ளே நுழையவே டிக்கெட் வேண்டும். பியர் மீதே ஓடும் ரயிலுக்கும் சேர்த்து வாங்கலாம்.
ஐலண்ட்: நுழைவு இலவசம், ராட்டினங்களுக்குத்தான் காசு. பேரப்பிள்ளைகளை வேடிக்கை பார்க்க வரும் தாத்தா பாட்டிக்குச் செலவே இல்லை. ஆனால் "இன்னும் ஒண்ணு" என்று பிள்ளைகள் ஆரம்பித்தால் பர்ஸ் காலி!

வயது
பியர்: கைக்குழந்தை முதல் யாருக்கும் சரி.
ஐலண்ட்: பெரிய ராட்டினங்களுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. வீட்டிலேயே அளந்துவிட்டுப் போங்கள். வரிசையில் நின்றபின் திருப்பி அனுப்பினால் அழுகைதான்.

காற்று, மழை
இரண்டுமே திறந்தவெளி. பியரில் காற்று காதை அறுக்கும்.

பியரின் நீளம் சுமார் 2.16 கிலோமீட்டர். உலகின் மிக நீளமான உல்லாசப் பியர் இதுதான். கடல் வற்றும்போது ஒரு மைலுக்கு மேல் சேறு தெரியும். கப்பல் வந்து நிற்க ஆழம் வேண்டுமென்றுதான் இவ்வளவு நீட்டினார்கள். போகும்போது நடந்து, திரும்பும்போது ரயில் ஏறுவது உத்தமம். பலகை இடுக்கு வழியே கீழே தண்ணீர் தெரிவதே பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கை. முனையில் உயிர்காப்புப் படகு நிலையமும் உண்டு.

ஐந்து வயதுக்குள் என்றால், பெரியவர்களும் கூட வந்தால், பியர். எட்டு வயதைத் தாண்டிய வாலுகளுக்கு ஐலண்ட்தான். குளிர்காலத்தில் இரண்டுக்கும் திறக்கும் நாள்கள் குறைவு, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.