கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால், முதலில் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்

பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். வண்டிக்கு அடியில் கிடந்த நாலு சொட்டுச் சிவப்பு எண்ணெய்க்காக என் கார் கியர்பாக்ஸையே இறக்கி ஏற்றிவிட்டார்கள். அந்தச் சொட்டு கியர்பாக்ஸிலிருந்து வரவே இல்லை.

ஒரு நாள் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. விரலில் தொட்டால் சிவப்பு, வழவழப்பு. தண்ணீர் மாதிரி இல்லாததால் கூலன்ட் இல்லை என்று தெரிந்தது. வண்டிக்குப் பதினேழு வயது, ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட்டில் ஏற்றி டார்ச் அடித்து அரை நிமிடம் பார்த்தார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடம் முழுக்க ஈரம். "முன் சீல் போயிடுச்சு சார். இப்படியே ஓட்டினா பாக்ஸே போயிடும்." பயந்துபோய்ச் சரி என்றேன்.

அந்த சீல் ஒரு ரப்பர் வளையம்தான், விலை பெரிதில்லை. எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பதால், அதைத் தொட கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கூலிதான் மொத்தப் பணமும். எண்ணெய் கசிவதில் இருக்கிற சந்தேகங்களிலேயே செலவு அதிகமானதை முதலில் சொன்னார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. பில்லில் சீல், ஃபில்டர், ஆயில் பேன் (கியர்பாக்ஸின் அடித்தட்டு) கேஸ்கெட், புது ஆயில் எல்லாம் இருந்தன. பழைய சீலைக் காட்டுங்கள் என்றால் குப்பையில் போட்டாச்சாம். ஒரு வாரத்தில் அதே இடத்தில் அதே சிவப்பு. "மேலே ஒட்டியிருந்த பழைய ஆயில் சொட்டுது, சரியாகிடும்" என்றார்கள். அடுத்த வாரம் போனால் கதை மாறிவிட்டது: "கேஸிங்லயே விரிசல் இருக்கலாம் சார், வேற பாக்ஸ் போட்டுடலாம்." அங்கேதான் சுருக்கென்றது. விரிசலை யாரும் பார்க்கவில்லை. அந்த இடத்தை ஒரு துணி வைத்துக்கூட யாரும் துடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நானே துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசர் அடித்து, பிரஷ் போட்டு, உலரவிட்டு, கீழே ஒரு பெரிய அட்டையை விரித்தேன். இரவு முழுக்க அட்டை காய்ந்தே கிடந்தது. காலையில் ஹேண்ட் பிரேக் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, மைத்துனரை ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பச் சொன்னேன். டார்ச்சோடு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பவர் ஸ்டீயரிங் பம்ப்பிலிருந்து வரும் பிரஷர் ஹோஸில், ரப்பரும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில் ஒரு முத்து உருண்டு நின்றது. அப்புறம் குழாய் வழியே இறங்கி, கியர்பாக்ஸ் மேல் விழுந்து, அதன் அடிவிளிம்பில் போய்ச் சொட்டியது. ஸ்டீயரிங்கை நேராக்கியதும் குறைந்தது, திருப்பினால் மறுபடி வந்தது. பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைப் பார்த்தால் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே.

பழைய வண்டிகள் பலவற்றில் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் அதே சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) எண்ணெய்தான். நிறத்தை மட்டும் பார்த்து எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. ஓடும்போது காற்று வேறு எண்ணெயைப் பின்பக்கமாகத் தள்ளிப் பூசிவிடும். சொட்டுகிற இடத்தை விட்டுவிட்டு, ஈரம் இருக்கிற மிக உயரமான இடத்தைத் தேட வேண்டும். இது அந்த ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

எந்த டப்பாவில் அளவு இறங்குகிறது என்பதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை, அதாவது எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியைப் பார்ப்பதானால், பெரும்பாலான வண்டிகளில் நன்றாகச் சூடான பிறகு, சமதரையில், எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். சில வண்டிகளில் அணைத்த உடனே. உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதைச் செய்யுங்கள்.

ஹோஸை வேறொரு மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார், ஒரு மதியத்தில் முடிந்த வேலை. பழைய ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னபோது, "அப்போ சீலும் லீக் ஆச்சு சார், இதுவும் ஆச்சு" என்றார்கள். சீல்தான் குப்பைக்குப் போய்விட்டதே, எதைக் காட்டிச் சண்டை போடுவது? வேலையை ஒப்படைக்கும்போதே பழைய உதிரியெல்லாம் எனக்கு வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். அதோடு, துடைத்த பிறகு எடுத்த போட்டோ ஒன்று.

அட்டை இன்னும் வண்டிக்கு அடியில்தான் கிடக்கிறது. புது கேஸ்கெட் போட்ட அன்று ஆயில் பேன் போல்ட்டுகளை மூச்சைப் பிடித்து முறுக்கியிருக்கிறார்கள், விளிம்பு வளைந்துவிட்டது. இப்போது தினமும் காலையில் இரண்டு சொட்டு இருக்கிறது. இந்தத் தடவை அது கியர்பாக்ஸ் ஆயிலேதான்.