ஒரு நாள் கூட்டமா, ஆறு வார ஒத்திகையா? பிள்ளைகளைச் சிங்கப்பூருக்குத் தயார் செய்த இரண்டு விதம்

திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். எங்கள் பள்ளியிலிருந்து 9, 11 வகுப்புப் பிள்ளைகளை இரண்டு முறை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். முதல் முறை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை காலையில், பெற்றோரையும் பிள்ளைகளையும் ஹாலில் உட்கார வைத்து மூன்று மணி நேரம் பேசினோம். ட்ராவல்ஸ்காரர் ஸ்லைடு காட்டினார், எல்லாருக்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்தோம், அவ்வளவுதான். இரண்டாவது முறை வெள்ளிக்கிழமைதோறும் கடைசி பீரியட், ஆறு வாரம். பேச்சைக் குறைத்து, செய்து பார்ப்பதை அதிகமாக்கினோம். எங்கள் ஊர்ப் பக்கம் நிறைய பள்ளிகள் இப்போது வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்கின்றன. அவர்களுக்கு உதவும் என்றுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாள் கூட்டத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். கடை வைத்திருக்கிறவர், தினக்கூலிக்குப் போகிறவர், இவர்களால் வாராவாரம் பள்ளிக்கு வர முடியாது. ஒரு நாள் என்றால் லீவு போட்டாவது வந்துவிடுவார்கள். செலவு, தங்குமிடம், யார் யார் கூடப் போகிறார்கள் என்பதையெல்லாம் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒருவர் வாயிலிருந்தே கேட்பது நல்லது. ஆனால் அந்தக் கூட்டம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இருந்தால் பிரயோஜனமில்லை, மூன்று மாதம் முன்னால் இருக்க வேண்டும்.

காரணம் பாஸ்போர்ட். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொதுவாக 5 வருடத்துக்குத்தான் தருகிறார்கள், அதனால் ஐந்தாம் வகுப்பில் எடுத்தது பத்தாம் வகுப்பில் முடிந்துவிடும். சிங்கப்பூரோ இறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது பாக்கி இருக்க வேண்டும் என்கிறது. புதுசாக எடுப்பதற்கு அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட அனெக்சர் டி என்ற சம்மதப் படிவம் வேண்டும். அப்பா வளைகுடாவில் இருந்தால் அதற்கே நாள் பிடிக்கும். அப்புறம் நம் ஊருக்கே உரிய இனிஷியல் பிரச்சினை. பள்ளிப் பதிவேட்டில் 'எஸ். கார்த்திக்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த எஸ் விரிந்து அப்பா பெயராகி இருக்கும், சிலருக்கு அது முன்னால், சிலருக்குப் பின்னால், சிலருக்கு அந்த இடமே காலி. முதல் முறை பள்ளி லிஸ்ட்டை அப்படியே ட்ராவல்ஸுக்கு அனுப்பினோம், டிக்கெட்டும் அந்தப் பெயரிலேயே வந்தது, ஏழு பேருக்குத் திருத்த வேண்டியதாகி அதற்குத் தனியாகப் பணம் கட்டினோம். அடுத்த முறை பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தானே எழுத்து எழுத்தாக எழுதிக் கொடுத்தது. ஒரு தப்புகூட வரவில்லை.

சிங்கப்பூர் அரைவல் கார்டு, அதாவது அந்த நாட்டுக்குள் நுழைய நிரப்புகிற படிவம், அந்த விஷயமும் இப்படித்தான். இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், இலவசம். காசு கேட்கிற தளம் எதுவும் அரசாங்கத்துடையது இல்லை. முதல் பயணத்தில் ட்ராவல்ஸே எல்லாருக்கும் நிரப்பிவிட்டார்கள். நமக்கு வேலை மிச்சம்தான், ஆனால் சாங்கி விமான நிலையத்தில் இமிகிரேஷன் அதிகாரி "எங்கே தங்குகிறாய்?" என்று கேட்டதும் ஒன்பதாம் வகுப்புப் பையன் திரும்பி என்னைப் பார்த்தான், நான் அடுத்த வரிசையில் நின்றேன். இரண்டாவது முறை கம்ப்யூட்டர் லேபில் உட்கார வைத்து அவரவர் கார்டை அவரவரே நிரப்பினார்கள், நாங்கள் பின்னால் நின்று சரிபார்த்தோம். ஹோட்டல் பெயர் தானாக மனசில் பதிந்துவிட்டது.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம், பிள்ளை கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் என்ன செய்வது என்பது. முதல் முறை அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் "யாரும் தனியாகப் போகக் கூடாது, பிரிந்துவிட்டால் போன் செய்யுங்கள்" என்று சொன்னோம். தலையாட்டினார்கள். சிங்கப்பூரில் தோபி காட் என்று ஒரு எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையம், மூன்று லைன் சந்திக்கிற இடம், எப்போதும் கூட்டம். கதவு மூடுகிற மணி அடித்தது, நாங்கள் உள்ளே, நாலு பேர் பிளாட்பாரத்தில். அங்கே கதவு மூடினால் மூடியதுதான், நம் ஊர் பஸ் மாதிரி தட்டி நிறுத்த முடியாது. நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன். அதற்குள் இரண்டு பேர் அடுத்த ரயிலில் ஏறி எங்களைத் தேடிப் போய்விட்டார்கள், ஒருத்தன் மேலே ஏறி வாசலுக்குப் போய்விட்டான், ஒரே ஒரு பெண் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். அவர்களில் இருவருடைய போனில் ரோமிங்கே வேலை செய்யவில்லை. நாலு பேரையும் சேர்க்க நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை, அந்தப் பிள்ளைகளும் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது முறை இதை வாயால் சொல்லவில்லை. திருச்சியில் மெட்ரோ கிடையாது, சரி, பஸ் இருக்கிறதே. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்கு எல்லாரையும் கூட்டிப் போனோம், வேண்டுமென்றே நாலு பேரை ஏறாமல் நிற்க வைத்தோம். விதி ஒன்றே ஒன்று: விடுபட்டவர்கள் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது, ஏறியவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், ஆசிரியர் ஒருவர் மட்டும் திரும்பி வருவார். அப்புறம் கோயிலுக்குள் ஆறு ஆறு பேராகப் பிரித்து அனுப்பி, ஒரு மணி நேரத்தில் வெள்ளைக் கோபுரத்தடியில் வந்து சேர வேண்டும், போன் எடுக்கக் கூடாது, வழி தெரியாவிட்டால் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றோம். ஏழு பிரகாரம் உள்ள கோயில், திசை குழம்புவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் வாரம் இரண்டு குழு தாமதமாக வந்தது. மறுபடி அழைத்துப் போனபோது எல்லாக் குழுவும் நேரத்துக்கு வந்தது.

இந்தத் தடவை ஊட்ரம் பார்க் நிலையத்தில் அதே மாதிரி மூன்று பேர் விடுபட்டார்கள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன், மூன்று பேரும் அதே கதவுக்கு எதிரே சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "மிஸ், நகரவே இல்லை" என்றுதான் முதலில் சொன்னார்கள்.

பொட்டலம் விஷயம் எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு ரொம்ப முக்கியம். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் சிங்கப்பூரில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாத வீடு குறைவு. பிள்ளை போகிறது என்றதும் முறுக்கு, ஊறுகாய், மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கவர், எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். அன்பில்தான் கொடுக்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே மருந்துக்குக் கட்டுப்பாடு கடுமை, சில மருந்துகளை அனுமதி இல்லாமல் கொண்டு போகவே முடியாது. சூயிங் கம் 1992லிருந்து தடை, இ-சிகரெட்டும் தடை. என்ன இருக்கிறது என்று தெரியாத கவரோடு ஒரு பதினாலு வயசுப் பிள்ளை கஸ்டம்ஸில் நிற்கக் கூடாது. முதல் முறை "அடுத்தவர் பொருள் வேண்டாம்" என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தோம், ஆனாலும் விமான நிலையத்தில் பார்த்தால் ஐந்து பெட்டியில் இருந்தது. இரண்டாவது முறை ஐந்தாம் வாரம் பெட்டியை அடுக்கியபடியே பள்ளிக்குக் கொண்டு வரச் சொன்னோம். ஒவ்வொருவரும் திறந்து, ஒவ்வொன்றும் என்ன, யாருடையது என்று சொல்ல வேண்டும், கவுன்ட்டரில் கேட்கிற மாதிரி "இதை நீதான் அடுக்கினாயா?" என்று கேட்போம். பவர் பேங்க் கைப்பையில்தான், 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் செக்-இன் பெட்டியில்தான் என்பதெல்லாம் அங்கேயே தெளிவாகிவிட்டது. மாமாவைப் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கினோம், பெற்றோர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த உறவினர் மட்டும் ஹோட்டல் லாபிக்கு வரலாம் என்று. வெறும் கையோடு போனாலும் அந்தச் சந்திப்பில் ஒரு குறையும் இல்லை.

எல்லாவற்றிலும் ஒத்திகைதான் ஜெயித்தது என்று சொல்லமாட்டேன். கைச்செலவுப் பணத்தில் பழைய முறையே நன்றாக இருந்தது. முதல் முறை ஆசிரியர்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் ஒரு கவரில் அன்றைய டாலரைக் கொடுத்தோம். இரண்டாவது முறை பொறுப்பு வரட்டும் என்று மொத்தத்தையும் பிள்ளைகள் கையிலேயே விட்டோம், கணக்கு எழுதும் பயிற்சிகூடக் கொடுத்தோம். 11ஆம் வகுப்பு சமாளித்தது. 9ஆம் வகுப்பில் பாதிப் பேர் இரண்டாம் நாளே முஸ்தபா சென்டர் என்ற பெரிய கடையில் காலி செய்துவிட்டுக் கடைசி நாள் தண்ணீர் பாட்டிலுக்குக் கடன் கேட்டார்கள். சின்னவர்களுக்குத் தினக் கவர்தான் சரி.

பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பது என்பதில் கலந்து செய்ய வேண்டும். பயணம் முழுக்க ஆசிரியரிடம், இமிகிரேஷன் வரிசையில் மட்டும் பிள்ளையின் கையில், தாண்டியதும் உடனே திரும்ப வாங்கிவிடுவது. போன் எல்லாருக்கும் தேவையில்லை, ஆறு பேருக்கு ஒன்று போதும். ஆனால் ஒவ்வொரு பையிலும் ஹோட்டல் முகவரி, ஆசிரியர் எண், அவசர எண்கள் 999, 995 எழுதிய ஒரு அட்டை இருக்க வேண்டும், பேட்டரி தீர்ந்தாலும் அட்டை வேலை செய்யும். பிளக் அங்கே மூன்று செவ்வகக் கால் உள்ளது, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வித்தியாசம் நான் எதிர்பார்க்காதது. முதல் முறை லிட்டில் இந்தியாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வாராந்தர விடுமுறைக்கு நம் ஊர்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிற இடம் அது. எங்கள் பிள்ளைகள் சிலர் புல்தரையில் உட்கார்ந்திருந்தவர்களை அனுமதி கேட்காமல் போட்டோ எடுத்தார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளைகளுக்கு நாங்கள் எதையும் சொல்லித் தரவில்லை, எங்கள் தப்பு. இரண்டாவது முறை ஒரு வாரம் முழுக்க அதற்கே ஒதுக்கினோம். தமிழ் ஏன் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று, அந்தக் கட்டடங்களைக் கட்டுகிறவர்கள் யார், எவ்வளவு கடன் வாங்கி வருகிறார்கள் என்று, அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒரு மாணவியின் அப்பாவே வகுப்பில் வந்து பேசினார். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது பிள்ளைகள் போனை எடுக்கவில்லை. "அண்ணே, எந்த ஊரு?" என்று ஆரம்பித்தார்கள். மணப்பாறை என்றார் ஒருவர், அரை மணி நேரம் பேச்சு ஓடியது.

ஆறு வாரம் கிடைக்காத பள்ளிகள் இருக்கும், தேர்வு, சிலபஸ் எல்லாம் எனக்கும் தெரியும். இரண்டு வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும் என்றால் ஒன்றைப் பஸ் ஒத்திகைக்கும் இன்னொன்றைப் பெட்டி திறப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை மூன்று மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமையில் பெற்றோரோடு பேசி முடித்துவிடலாம்.