ஜே.என்.யு. விடுதி: இருபது ரூபாய் வாடகையில் அடங்கியிருந்தது என்ன

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த தமிழ்நாட்டு மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் விடுதியைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்கள். அங்கே தங்கிப் படித்தவன் என்ற முறையில், அறையையும் சாப்பாட்டையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த விடுதியின் கட்டணம் எவ்வாறு குறைவாக இருந்தது, அதைக் காப்பாற்ற 2019-இல் மாணவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த மதிப்புரை முழுமை பெறும்.

காவேரி, பெரியார், கோதாவரி, சபர்மதி, ஜீலம், தப்தி என்று விடுதிகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர்கள். அறைகள் எளிமையானவை, ஒரு கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி, அவ்வளவுதான். தில்லியின் மே, ஜூன் வெயிலையும் சனவரிக் குளிரையும் தாங்க உடலைப் பழக்கிக்கொள்ள வேண்டும். மெஸ்ஸில் ரொட்டி, பருப்பு, ராஜ்மா, சோறு என்று வட இந்தியச் சாப்பாடுதான். சாம்பாரை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஆனால் மெஸ் நடக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் மெஸ் செயலர்கள் கணக்கைக் கவனிக்கிறார்கள். அந்த மாதத்துச் செலவு எவ்வளவோ அதுவே மாணவர்களுக்குள் பங்கிடப்படுகிறது. யாருக்கும் லாபம் கிடையாது. பீகாரின் கிராமத்திலிருந்து வந்தவரும் மணிப்பூரிலிருந்து வந்தவரும் திருவாரூரிலிருந்து வந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து விவாதித்துக்கொண்டே சாப்பிடுவது அந்த உணவுக்கூடத்தின் அன்றாட நிகழ்ச்சி.

இது சாத்தியமானது கட்டணத்தால்தான். 2019 வரை தனி அறைக்கு மாத வாடகை 20 ரூபாய், இருவர் தங்கும் அறைக்கு ஆளுக்கு 10 ரூபாய். பல்கலைக்கழகத்தின் 2017-18 ஆண்டறிக்கைப்படி, அவ்வாண்டு சேர்ந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் மாத வருமானம் 12,000 ரூபாய்க்கும் குறைவான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வளாகத்துக்கு வெளியே முனீர்க்காவிலோ பேர் சராயிலோ ஒரு சிறு அறைக்குக் கேட்கப்படும் வாடகையை அந்தக் குடும்பங்கள் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

2019 அக்டோபர் இறுதியில் விடுதி நிர்வாகம் புதிய விதிமுறைகளை ஏற்றது. தனி அறை வாடகை 600 ரூபாய், இருவர் அறைக்கு 300 ரூபாய், திரும்பப் பெறக்கூடிய மெஸ் வைப்புத்தொகை 5,500-இலிருந்து 12,000 ரூபாய். இவற்றோடு, அதுவரை இல்லாத மாதச் சேவைக் கட்டணம் 1,700 ரூபாய். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனி. செய்தித் தலைப்புகளில் வாடகை உயர்வே பெரிதாகப் பேசப்பட்டாலும், உண்மையான சுமை அந்தச் சேவைக் கட்டணத்தில் இருந்தது. மெஸ் பில்லையும் சேர்த்தால் மாதச் செலவு 5,000 ரூபாயை ஒட்டி வரும்; 12,000 ரூபாயில் வாழும் குடும்பம் அதில் ஏறக்குறைய பாதியை ஒரு பிள்ளையின் விடுதிக்கே கொடுக்க வேண்டியிருந்திருக்கும். அப்போது நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் வழி வராத முனைவர் பட்ட மாணவருக்குக் கிடைத்த உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய் மட்டுமே என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாணவர் சங்கத்தோடு கலந்தாலோசிக்காமல் எடுத்த முடிவு என்று மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நவம்பர் 11 அன்று பட்டமளிப்பு விழா நடந்த அரங்கை முற்றுகையிட்டதில் அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் ரமேஷ் பொக்ரியால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வெளியேற முடியாமல் இருந்தார். நவம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்ற பேரணியைப் போலீசார் தடுத்துத் தடியடி நடத்தினர். காயமடைந்தவர்களில் பார்வையற்ற மாணவர் ஒருவரும் இருந்தார். இடையில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் சலுகை என்று நிர்வாகம் இறங்கி வந்தது. வைப்புத்தொகை உயர்வும் கைவிடப்பட்டது. அந்தச் சலுகையை மாணவர்கள் ஏற்காதது சரி என்றே நான் கருதுகிறேன். வறுமைக்கோட்டு அட்டை இல்லாத ஏழைகள் இந்த நாட்டில் ஏராளம். கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் சிறு விவசாயியின் பிள்ளையும் இதில் விடுபட்டுப் போவார்.

நிர்வாகத்தின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு 45 கோடி ரூபாய்க்கு மேல் பற்றாக்குறை இருப்பதாகவும், ஊதியம் அல்லாத செலவுகளில் ஏற்படும் குறையைச் சொந்த வருவாயிலிருந்தே ஈடுகட்ட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கூறிவிட்டதாகவும், துப்புரவு, மெஸ், காவல் போன்ற பணிகளில் உள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் தர வேறு வழியில்லை என்றும் அது விளக்கியது. தொழிலாளர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கிடைக்க வேண்டும் என்பதில் எந்த மாணவருக்கும் மாறுபாடு இல்லை. அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தை அறைக்கு அறை வசூலித்து நிரப்பச் சொன்னதே கேள்விக்குள்ளானது. மாணவர் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 சனவரி 24 அன்று தில்லி உயர்நீதிமன்றம், மாணவர்கள் பழைய கட்டணத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம் என்று இடைக்கால உத்தரவிட்டது. கல்விக்குச் செலவிடும் பொறுப்பிலிருந்து அரசு விலகிக்கொள்ள முடியாது என்ற கருத்தையும் விசாரணையின்போது வெளிப்படுத்தியது.

ஆகவே என் பரிந்துரை இதுதான். இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். விடுதிக்கு விண்ணப்பத்தைச் சேர்க்கையோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள், ஏனெனில் அறை கிடைக்கக் காத்திருக்க நேரிடலாம். நடப்புக் கட்டண விவரத்தில் வாடகையை மட்டும் பார்க்காமல் சேவை, மின்சாரம், தண்ணீர் என்ற வரிகளையும் படித்துக் கூட்டிப் பாருங்கள். மெஸ் கூட்டங்களுக்கும் மாணவர் பொதுக்குழுவுக்கும் தவறாமல் போங்கள்; அடுத்த ஆண்டு வருபவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அங்கேதான் முதலில் பேசப்படுகிறது.