நோய்ப் பயத்துக்கு ஹிப்னோதெரபி: இரண்டு வருட அனுபவம்

சிங்கப்பூரில் முஸ்தஃபா கடையில் ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கினேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்றுதான் ஆரம்பம். மூன்றாவது வாரத்தில் ஒரே நாளில் பதினெட்டு முறை. எண்ணிச் சொன்னது கருவியின் நினைவகத்தைத் திறந்து பார்த்த என் மனைவி. "என்னங்க இது, ராத்திரி ரெண்டே முக்காலுக்கு நாலு தடவை அளந்திருக்கீங்க?"

கூட வேலை பார்த்த நண்பர் 44 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கும் அப்போது 44. மண்டாயில் தகனம் முடிந்து திரும்பும் பேருந்திலேயே கழுத்து நாடியைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு நெஞ்சில் சுருக்கென்றால் இதயம், தலை வலித்தால் கட்டி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, எனக்கு இருட்டுகூடத் தேவைப்படவில்லை, கூகள் போதும்.

பலதுறை மருந்தகத்தில் (அரசு பாலிகிளினிக்) இசிஜி, ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அந்த 'ஒன்றுமில்லை' வீடு வந்து சேரும்வரைகூடத் தாங்கவில்லை. செங்காங்கில் எல்ஆர்டி ரயில் ஏறும்போதே, "டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கலையே" என்று உள்ளே ஒரு குரல். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். அதுவும் ஒரு நாள் தாங்கியது.

ஹிப்னோதெரபி, அதாவது ஆழ்ந்த தளர்வு நிலைக்குக் கொண்டுபோய்ப் பேச்சால் தரும் சிகிச்சை. அந்தப் பக்கம் போனது அலுவலகத் தோழி ஒருவர் சொல்லித்தான். அவருக்கு விமானப் பயணப் பயம் அதில் குறைந்ததாம். முதலில் போன இடத்தில் நான் உட்கார்ந்த பத்தாவது நிமிடமே பன்னிரண்டு அமர்வுக்கான தொகுப்புக் கட்டணத்தை நீட்டினார்கள். "உங்கள் பயத்தின் வேர் சிறுவயதில் இருக்கிறது, அங்கே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்" என்றார் அந்த மனிதர். எனக்கே தெரியாத நினைவை எனக்குள்ளிருந்து எடுப்பேன் என்பவரிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார மனம் வரவில்லை. வெளியே வந்துவிட்டேன். ஹிப்னாஸிஸ் நிலையில், இல்லாத நினைவுகூட நிஜம்போல உருவாகிவிடலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இங்கே மருத்துவருக்கும் தாதிக்கும் இருப்பதுபோல ஹிப்னோதெரபிஸ்டுக்குச் சட்டப்படியான பதிவு கிடையாது. சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும், "இது இல்லாமல் உங்கள் படிப்பு என்ன?" என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவதாகப் போனவர் உளவியலாளர். ஹிப்னோதெரபி அவருக்குக் கூடுதல் பயிற்சி. அமர்வுக்கு 180 சிங்கப்பூர் வெள்ளி, மொத்தம் எட்டு அமர்வு, எல்லாம் கைக்காசு. மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவைத் தொட முடியவில்லை.

முதல் அமர்வு சொதப்பல். "பத்துப் படி இறங்குங்கள், ஒவ்வொரு படியிலும் இன்னும் தளர்வு" என்றார் ஆங்கிலத்தில். படி என்றதும் எனக்கு வந்தது எங்கள் புளோக்கின் மாடிப்படி: யாரோ பூட்டிவைத்த சைக்கிள், காய்ந்த பூந்தொட்டி, ஐந்தாவது மாடி ஊதுபத்தி வாசனை. அதையாவது சமாளித்திருப்பேன். "இதயத் துடிப்பு மெதுவாவதைக் கவனியுங்கள்" என்றார் பாருங்கள், போச்சு. இரண்டு மாதமாக நான் வேறெதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்? துடிப்பு குதிரைபோல ஓடியது. கண்ணைத் திறந்து சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு இதயம், மூச்சு இரண்டும் பேச்சிலேயே வரவில்லை. உள்ளங்கால் தரையில் படுவதை மட்டும் கவனிக்கச் சொன்னார்.

நிம்மதியான இடம் ஒன்றை நானே தேர்ந்தெடுக்க வேண்டும். கடற்கரை எனக்குச் சரிப்படவில்லை. கடைசியில் அமைந்தது ஈரடுக்குப் பேருந்தின் மேல்தளத்து முன்னிருக்கை. மழை, முன்கண்ணாடியில் வழியும் தண்ணீர், மரக்கிளை உரசும் சத்தம், நான் ஓட்ட வேண்டியதில்லை. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொள்வது என்று ஏற்பாடு. "இறங்க வேண்டிய இடம் இன்னும் வரலை" என்ற ஒரு வரிக்கு என் தோள் தானாக இறங்கியது. அதை ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கு ஒன்றுமே ஆவதில்லை.

மயங்கிவிடுவோமோ, ஏதாவது உளறிவிடுவோமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: அப்படி எதுவும் நடக்கவில்லை. மேல்வீட்டில் டிரில் போடுவதுகூடக் கேட்டது; அது எனக்குச் சம்பந்தமில்லாததாக இருந்தது, அவ்வளவுதான். இதைத் தமிழில் அறிதுயில் என்கிறார்கள். பாற்கடலில் பெருமாள் கொள்ளும் உறக்கத்துக்கான சொல். யார் இங்கே கொண்டுவந்து பொருத்தினார்களோ, சரியாகத்தான் பொருத்தியிருக்கிறார்கள்.

நான்காவது அமர்வுக்குள் தூக்கம் திரும்பியது. நள்ளிரவு அளவெடுப்பு நின்றது. மூன்றாவது மாதத்தில்தான் வேறொரு வில்லங்கம். அவர் கொடுத்த 20 நிமிட ஒலிப்பதிவை முதலில் படுக்கும்போது கேட்டேன். பிறகு மதியமும். பிறகு நெஞ்சில் சுருக்கென்றால் உடனே காதில் மாட்டிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினேன். ஒருநாள் போனில் சார்ஜ் தீர்ந்தபோது கை வியர்த்த விதத்தில் புரிந்தது: ரத்த அழுத்தக் கருவியின் இடத்தில் ஒலிப்பதிவு உட்கார்ந்திருக்கிறது. அப்போதும் நான் சரிபார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உளவியலாளரிடம் சொன்னதும் அவர் பாதையை மாற்றினார். மீதி அமர்வுகள் பெரும்பாலும் சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. தொட்டுப் பார்ப்பது, தேடிப் பார்ப்பது, மனைவியிடம் "எனக்கு ஒன்னுமில்லைல்ல?" என்று கேட்பது, இந்த மூன்றும்தான் பயத்துக்குத் தீனி என்றார். நாடியைத் தொட வேண்டும்போல இருந்தால் பத்து நிமிடம் தள்ளிப்போட வேண்டும், அடுத்த வாரம் இருபது. மனைவிக்கும் வேலை இருந்தது, பதில் சொல்லாமல் இருப்பது. "அத டாக்டர் சொல்லிட்டாரு, நான் சொல்ல மாட்டேன்" என்பார். முதல் வாரம் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்கவைத்தது ஹிப்னாஸிஸில் பழகிய பேருந்து இருக்கை. இதைத் தனியாக வைத்திருந்தால் இன்னொரு மாத்திரையாகத்தான் ஆகியிருக்கும்.

ஆய்வுகளும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கின்றன. ஹிப்னாஸிஸ் பதற்றத்துக்கு உதவுகிறதா என்று 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் சராசரி ஆளுக்கு, பெறாதவர்களில் 79 விழுக்காட்டினரைவிட அதிகமாகப் பதற்றம் குறைந்திருந்தது. வேறு உளவியல் சிகிச்சையோடு சேரும்போது பலன் கூடுதல். ஆனால் அது பொதுவான பதற்றம். நோய்ப் பயத்துக்கென்றே நேரடிச் சான்று வலுவாக இருப்பது சிபிடிக்குத்தான். இங்கிலாந்தில் மருத்துவமனைகளுக்கு வந்துபோன 444 பேரிடம் நடத்தி 2014இல் லான்செட்டில் வந்த ஆய்வு அதில் முக்கியமானது. முதலில் போன இடத்தில் இதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

இரண்டாம் வருடம் டெங்கி வந்தது. காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. நானோ பக்குவப்பட்ட ஆள்போல, "இது பழைய பயம்தான்" என்று இரண்டு நாள் மனதுக்குள் அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். மனைவிதான் கிளினிக்குக் கூட்டிப்போனார். அடுத்த அமர்வில் உளவியலாளர் ஒரு விதி தந்தார்: இதே அறிகுறி மனைவிக்கு வந்தால் எப்போது கூட்டிப்போவீர்களோ, அப்போது நீங்களும் போங்கள். நெஞ்சை அழுத்தும் வலி நிற்காமல் இருந்தால் ஒலிப்பதிவெல்லாம் வேண்டாம், உடனே ஆம்புலன்ஸ், 995. தட்டணு எண்ணிக்கைக்காகத் தினமும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குள் இருந்த பழைய ஆள் ரகசியமாகச் சந்தோஷப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

செலவழித்த 1,440 வெள்ளி வீணில்லை. ஆனால் மறுபடி தொடங்குவதாக இருந்தால் பலதுறை மருந்தகத்திலேயே, "எனக்கு நோய் இல்லை, நோய்ப் பயம் இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். அங்கிருந்தே உளவியலாளரிடம் அனுப்புவார்கள், செலவும் குறையும். ராத்திரியில் யாரிடமாவது பேசியே ஆகவேண்டும்போல இருந்தால் 1771 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

இப்போதும் மாதத்தில் ஓரிரு நாள் சறுக்கும். ஒலிப்பதிவை அழித்துவிட்டேன். ரத்த அழுத்தக் கருவி அம்மாவின் அலமாரிக்குப் போய்விட்டது, அவருக்கு நிஜமாகவே அழுத்தம் உண்டு. காலையில் அளந்து எண்ணை உரக்கப் படித்துவிட்டு, பட்டையைக் கழற்றாமலே கேட்பார்: "ஒனக்கும் ஒருதரம் பாத்துடட்டுமாடா?" வேண்டாம்மா என்பேன். சில நாள் நீட்டிவிடுகிறேன்.